சுரங்கக் கோபுர முத்திரை

ஞாயிறு இரவு, எசன்

மகள் இன்று தன் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போனாள். பழைய நிலக்கரிச் சுரங்கம், கோட்டை என்று போகிற இடமெல்லாம் முத்திரை குத்த, பாஸ்போட் மாதிரியே ஒரு சிறு சிவப்புப் புத்தகம் தந்திருந்தாள். சுரங்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பைக்குள் கைவிட்டுச் சிவப்புப் புத்தகத்தை எடுத்து, ஓங்கிக் குத்தினேன். பிறகுதான் பார்த்தேன். அது என் உண்மையான பாஸ்போட். பக்கம் முழுக்க நீல மையில் சுரங்கக் கோபுர முத்திரை.

"அப்பா, இதை ஏன் கொண்டு வந்தனீங்கள்?"

நான் அதை மூடித் திரும்பவும் பைக்குள் வைக்கப் போனேன்.

"இது இனிச் செல்லுமோ தெரியாது. புதுசுக்கு நாளைக்கே பாஸ்போட் அலுவலகத்தில டெர்மின் எடுப்பம். அதுவரைக்கும் வீட்டில வையுங்கோ."

சண்டைக் காலத்தில் ஊரில் அண்ணை அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனார். வழியில் சோதனைச் சாவடியில் ஆமி மறித்தது. அவர் திரும்பி வரவே இல்லை. இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. அன்றிலிருந்து கையில் ஓர் அடையாளப் பத்திரமும் இல்லாமல் நான் வாசலைத் தாண்டியதும் இல்லை.

அது செல்லாது என்றால் நாளை எதைக் காட்டுவேன்? இந்த நாட்டில் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் பாண் முடிந்துவிட்டது. நாளைக் காலை நான்தான் வாங்கப் போகவேண்டும். கடை, வீதிக்கு அந்தப் பக்கம்தான்.