நல்லூர் அரண்மனைக்கு நான் வைத்த தூண்கள்

14 ஜூன், சனி. டார்னெய்ட்.

நித்திரை வரவில்லை.

கடல் கடந்து வந்த எங்கள் தமிழ்ப் பள்ளி நாடகத்துக்கு நல்லூர் அரண்மனையைத் திரைச்சீலையில் கீறுவது என் பொறுப்பு. யமுனா ஏரி சுலபம். 'ப' வடிவம், கல் படிகள், இன்றும் அங்கே இருக்கிறது. கரையில் இருந்த அரண்மனையைப் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள் என்பார்கள். அது எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் கரையை வெறுமையாக விட்டிருந்தேன்.

இன்று ஒத்திகைக்கு வந்த பள்ளித் தலைவர் அங்கிள் நெடுநேரம் பார்த்தார்.

"அரசன் எங்க பிள்ளை இருக்கிறது? தண்ணிக்குள்ளேயோ?"

"அரண்மனை எப்பிடி இருந்ததெண்டு தெரியாது, அங்கிள்."

"தெரியாட்டி என்ன? வடிவா ஒண்டைக் கீறும்."

எரிச்சலோடு தூரிகையை எடுத்தேன். கை தானாகப் போனது. நான்கு உயர்ந்த தூண்கள், பெரிய வாசல், மேலே பல்கனி. அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் கண்டேன். எங்கள் தெருமுனையில், வீடு வாங்க வருபவர்களுக்குக் காட்டப் புதிதாகக் கட்டிய மாதிரி வீடு. அதே தூண்கள், அதே பல்கனி. நான் வேலை செய்யும் கட்டடக் கந்தோரில் அதன் முகப்பை வரைந்ததும் நான்தான்.

நல்லூரில் அரசனின் தோரண வாசல் என்று நாங்கள் முன்னால் நின்று படம் எடுப்பதும் பின்னால் வந்த ஒல்லாந்தர் காலத்தது என்று சிலர் சொல்கிறார்கள். அதைக் கட்டியவனுக்கும் இப்படித்தான் கை போனதோ?

நான் கீறியது அந்த மாதிரி வீட்டைத்தான் என்று அங்கிளிடம் சொல்லிவிடலாமென கைபேசியை எடுத்தேன். அவர் முந்திவிட்டார். படத்தை ஊருக்கு அனுப்பினாராம். ஏரிக்குப் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் அவருடைய தங்கச்சி பதில் போட்டிருக்கிறார்:

"அச்சொட்டா, அப்பிடியே எங்கட அரண்மனை."