புரட்டாசியில் மட்டும் பார்த்த சர்க்கரை

நர்ஸ் என் மேல்கையில் பஞ்சால் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாசம் ஏறியதும் நீ வந்துவிட்டாய். ராஜபாளையம் லேபில் கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாயே, அதே மாதிரி நானும் திருப்பிக்கொண்டேன்.

இது ஒரு மாசத்துக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில். எனக்கும் உன்னைப் போலவே சர்க்கரை 'பார்டர்'. அதற்காக டாக்டர் ஒரு கருவியை ஒட்டச் சொன்னார். நாம் நைட்டியில் தைக்கிற பட்டனைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். பதினான்கு நாள் கையிலேயே இருக்கும். போனைக் கிட்டே கொண்டுபோனால் அந்த நேரத்துச் சர்க்கரை தெரியும். தின்றதும் ஏறுவது, நடந்ததும் இறங்குவது எல்லாம் கோடாக வந்துவிடும். வியாதி வந்தவர்களுக்குத்தான் இதை ஒட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். வரப்போகிறவர்களுக்கு அல்லவா முதலில் ஒட்ட வேண்டும்? உனக்கு ஒருத்தரும் ஒட்டவில்லையே என்று அங்கேயே பல்லைக் கடித்தேன்.

செட்டியார்பட்டி நைட்டி கம்பெனியில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தோம். காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்த இடம். நடுவில் மூன்று டீ, உனக்கு மட்டும் சீனி தூக்கலாக. உன் அம்மாவுக்குச் சர்க்கரை, அண்ணனுக்கும் சர்க்கரை. வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள் என்றார் டாக்டர். நீயும் தவறாமல் பார்த்தாய். ஆனால் எப்போது பார்த்தாய்? புரட்டாசியில். மாசம் பூராவும் கவிச்சி கிடையாது, சனிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருக்கிற நம் பெருமாள் மலை திருவண்ணாமலைக்கு நடந்தே போய், மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாய். நம்பர் பார்டரைத் தாண்டவே இல்லை.

"பாத்தியாட்டி, பெருமாள் கைவிடல" என்பாய்.

பெருமாளை ஏன் இழுத்தாய்? அந்த யோசனையைச் சொன்னவள் நான். "மலைக்குப் போயிட்டு வந்து குடுட்டி, நம்பர் சுத்தமா வரும்" என்று மெனக்கெட்டுச் சொன்னேன். நம் செக்‌ஷனே அப்படித்தான் ரத்தம் கொடுத்தது. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பட்டினி கிடந்து பாஸாகிவிட்டு, திங்கட்கிழமை பரோட்டாவுக்குப் போனோம். அந்த ஒரு நாளை மட்டும் பார்த்துவிட்டு, "பார்டர்தான், இனிப்பைக் குறைங்க" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாரே உன் டாக்டர், அவர் மேலும் எனக்குக் கோபம்தான். மற்ற நாட்களில் என்ன தின்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டாரா?

செருப்புக் கடித்த புண் ஆறாமல், கால் கறுத்து, உன்னை மதுரைக்குக் கொண்டுபோனோம். "எத்தனை வருஷமா சுகர்?" என்று அங்கே கேட்டார்கள். உன் வீட்டுக்காரர், "அவளுக்குச் சுகரே கிடையாது சார், நீங்களே பாருங்க" என்று ஆறு வருஷத்துச் சீட்டையும் நீட்டினார். அந்த டாக்டர் சீட்டுகளைப் பார்த்தார், உன் காலைப் பார்த்தார், சீட்டுகளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நான் சுவரோரமாக நின்றிருந்தேன். ஐந்தாம் நாள் நீ போய்ச் சேர்ந்தாய்.

இவ்வளவு பட்ட பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தப் பட்டனை ஒட்டிய முதல் மூன்று நாளும் அரைவயிறுதான் சாப்பிட்டேன். கோடு அழகாக வரட்டுமாம்! போனைக் காட்டப் போனபோது அந்த நர்ஸ் பார்த்துவிட்டு, "அக்கா, வழக்கமா சாப்பிடுறதச் சாப்பிடுங்க. இத யாருக்குக் காட்டப் போறீய?" என்றாள். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நாலாம் நாள் எப்போதும்போல் தட்டு நிறையச் சோறு தின்றேன். ஒரு மணி நேரத்தில் நூற்றுத் தொண்ணூறு. அடுத்த நாள் சோற்றைப் பாதியாக்கி, காயைக் கூட்டி, கம்பெனியைச் சுற்றி இருபது நிமிஷம் நடந்தேன். கோடு அவ்வளவு ஏறவில்லை. இவ்வளவுதானடி விஷயம்! இதை உனக்குக் காட்ட ஆள் இல்லாமல் போயிற்றே என்று மிஷின் மேல் தலையை வைத்து அழுதேன்.

அதற்கடுத்த வாரம் செக்‌ஷனில் பேச்சு வந்தது. "அக்கா, இந்த வருசம் எந்தச் சனிக்கெழம மலைக்கு? மறுநாளே டெஸ்ட முடிச்சிருவோம்."

எழுந்து நின்று கத்திவிட்டேன். "மலைக்குப் போறது பெருமாளுக்கு. ரத்தம் குடுக்கது நமக்கு. ரெண்டையும் எதுக்குட்டி ஒண்ணாக்குதிய?"

விரதமும் இல்லாத, விசேஷமும் இல்லாத ஆவணிப் புதன்கிழமை ஒன்றில் ஏழு பேரை லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுகிற டெஸ்டைத்தான் எடுக்கச் சொன்னேன், பட்டினிக்கு அது ஏமாறாது. இரண்டு பேர் பார்டர். ஒருத்தி தாண்டியே விட்டாள். "நல்லாத்தான இருந்தேன், இவியளாலதான் சீக்காளி ஆயிட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்கிறாள். என்னோடு பேசுவதில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறாள். ஆனாலும் அவள் வீட்டில் மாத்திரை வந்துவிட்டது, சாயங்காலம் நடக்கவும் செய்கிறாளாம்.

உனக்கு நாள் குறித்துக் கொடுத்த பாவத்தை நான் எங்கேயும் இறக்கி வைக்கப் போவதில்லை. அவள் ஊரெல்லாம் வைகிற வசவு தினம் என் காதுக்கு வருகிறது, வாங்கிக்கொள்கிறேன். நீயும் இப்படி என்னை வைதுகொண்டு, பேசாமல், பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கலாமேடி.