ஓரச் சிப்பாய்

மார்ச் 4
மூன்று வாரத்துக்குப் பிறகு அக்கா அழைத்தாள். "நல்லாயிருக்கியா?" நலம் விசாரிப்பு நாலு நொடி. பிறகு நேராக விஷயம். பெண்கள் செஸ் சாம்பியன்ஷிப். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அணியில் சேர்ப்பார்கள். தொடக்க நகர்வுகளை நான் தயார் செய்ய வேண்டுமாம். என்னை அவள் கூப்பிடுவதே இதற்குத்தான். பரவாயில்லை, கூப்பிடுகிறாளே.

மார்ச் 9
வேலையில் இன்று பழுதுபார்த்த லிஃப்ட் மூன்று. வேறு யாரோடும் பேச்சில்லை.

மார்ச் 15
கறுப்புக் காய்களுக்குப் பதினான்கு நகர்வு எழுதி அனுப்பினேன். எல்லாம் கணினியில் சோதித்தது.
"ஏழாவது கொஞ்சம் உறுத்துதுடா" என்றாள் அக்கா போனில்.
"யோசிச்சுக் கெடுக்காதே. கண்ணை மூடிக்கிட்டு ஆடு."
"உத்தரவு, இன்ஜினியர் சார்" என்று சிரித்தாள்.

மார்ச் 22
எட்டாம் மாடிக்கு மேல் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து போனில் நேரலை பார்த்தேன். ஆறு நகர்வு, அப்படியே என் பட்டியல். ஏழாவதை அவள் ஆடியதும்தான் கவனித்தேன். ஓரச் சிப்பாய் இடத்தைவிட்டு நகரவே இல்லை! கணினியில் அதை ஒரு கட்டம் தள்ளிவிட்டுத்தான் சோதித்தேன். அந்த நகர்வைப் பட்டியலில் எழுதவில்லை. முட்டாள். இனி எதிராளியின் குதிரை உள்ளே இறங்கும். அடுத்ததில் ராஜாவுக்கு செக், யானை போச்சு.
எப்படிச் சொல்ல? அவள் போன் அரங்க வாசலில் பெட்டிக்குள் கிடக்கிறது. எதிராளி பதினொரு நிமிடம் யோசித்தாள். பார்க்காதே, பார்க்காதே — பார்த்துவிட்டாள்.
கீழேயிருந்து மேற்பார்வையாளரின் குரல்: "என்னப்பா, லிஃப்ட் வருமா, இல்ல நீ அங்கேயே குடியிருக்கப் போறியா?"
ஆட்டத்தில் தோற்றாள். சாயங்காலம் அக்கா போனில் பேசினாள். "சோதிச்சேன்னு சொன்னியேடா?"
"நீயும் ஒருதரம் பார்த்திருக்கலாம்ல?" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?
"பார்த்தேன். உறுத்துதுன்னு சொன்னேன்."
வைத்துவிட்டாள்.

மார்ச் 23
என் தப்பு என்று ஓரச் சிப்பாய் கதை முழுவதையும் எழுதி அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்தது: "விடுடா. இனிமே கண்ணைத் திறந்துக்கிட்டே ஆடுறேன்."

மார்ச் 25
போன் சார்ஜில் இருக்கிறது. சத்தமும் வைத்திருக்கிறேன். நாளை கடைசிச் சுற்று, அவளுக்கு வெள்ளை. கேட்காமலே ஒரு பட்டியல் தயார் செய்தேன். இரண்டு தரம் சரிபார்த்தேன். அவள் கேட்டால் அனுப்பலாம்.

மார்ச் 26
ஜெயித்தாள். மூன்றாம் இடம். அணியில் இருக்கிறாள்.
முதல் நகர்வு என்னவென்று, எல்லோரையும் போல நானும் நேரலையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.