டெட்ராய்ட்டுக்குப் போகிறவர்களின் ஏலம்

பண்ணை வீடு, ஐயோவா
பிப்ரவரி 1928

இல்லை சிக்னெ, நாங்கள் டெட்ராய்ட்டுக்கு வரவில்லை. லுண்ட் வீட்டு பெர்தா அத்தையின் அண்ணன் மகன் உன்னைத் தெருவில் நிறுத்தி, "அம்மா அப்பாவுக்கு வீடு பாத்துட்டியா" என்று கேட்டானாம், உனக்கு ஒன்றும் புரியவில்லையாம். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அத்தை எழுதினாள். அத்தைக்குச் சொன்னது நான். நலம் விசாரிக்காமலே தொடங்கிவிட்டேன், மன்னித்துக்கொள். அப்பாவும் நானும் உடம்பளவில் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த ஆற்றுக்காற்றில் நீ இருமாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் என் முதல் ஜெபம். ஒரே அறையில் மூன்று பெண்கள் இருக்கிறோம், உங்களை எங்கே படுக்க வைப்பேன், அழைக்க முடியாத பாவியாகிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நின்றபடி படித்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். கூசவேண்டியவள் நீ இல்லை. நீ அழைக்காதபோதே அழைத்ததாக ஊரெல்லாம் சொல்லிவைத்தேன், கண்ணு.

நிலம் வங்கிக்குப் போனது உனக்குத் தெரியும். மிச்சமிருந்த மாடு, கலப்பை, சாமான் எல்லாவற்றையும் ஏலம்விட்டு மார்ச் முதல் தேதிக்குள் இந்த வீட்டைக் காலிசெய்ய வேண்டும், குத்தகை மாறுவதும் குடும்பங்கள் வண்டியேறுவதும் இங்கே அன்றைக்குத்தானே. ஏல நோட்டீஸ் அடிக்க அப்பாவும் நானும் ஊருக்குள் போனோம். அச்சுக்காரர் தலை நிமிராமல் எழுத்துக் கோத்தபடியே, "காரணம் என்னன்னு போடட்டும்மா" என்று கேட்டார். 'விவசாயத்தை விட்டு விலகுவதால்' என்று போடுவதுதான் வழக்கம். அதைப் படித்தால் வங்கி வந்துவிட்டது என்று இங்கே எல்லாருக்கும் புரியும், யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நான், "டெட்ராய்ட்ல மக வீட்டுக்குப் போறோம்னு போடுங்க" என்றேன். வாய் தானாகச் சொன்னது. அச்சுக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "குடுத்து வச்சவங்க" என்றார். அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். மறுக்கவில்லை. தொப்பியின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்து ஏலங்கள் இரண்டு வகை என்பது உனக்கு நினைவிருக்கும். வயதாகி நகரத்துக்குப் போய் உட்காரப் போகிறவர்களின் ஏலம் ஒன்று, அது திருவிழா மாதிரி, அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள், கேலி செய்வார்கள், வாரிக்கொண்டு போவார்கள். மற்றது விழுந்துபோனவர்களின் ஏலம். அதில் சத்தமே இருக்காது. கறவை மாட்டுக்கு ஒரு படி கூடவே கேட்பார்கள். சபைப் பெண்கள் வீட்டுக்காரியின் சமையல் சாமானை வாங்குவார்கள், வாங்கியதை எடுத்துப்போக மறந்தவர்கள்போல வாசற்படியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், திரும்பி வந்து கேட்கவும் மாட்டார்கள். நானும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், ஸ்டீனா வீட்டு மாவுச் சல்லடையை, யாரோ ஒருவரின் இரும்புச் சட்டியை. என் நோட்டீஸைப் பார்த்தவர்கள் எங்களுக்கு முதல் வகை ஏலத்தைக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் என்ன தப்பு. போதாததற்கு நீ தவணையில் வாங்கி அனுப்பிய ரோமக் கழுத்துக் கோட்டை வேறு போட்டுக்கொண்டு முன்வாசலில் நின்றேன்.

நல்ல வெயில் அன்று. பனியில் பட்டுக் கண் கூசியது. கொட்டகையில் சபைப் பெண்கள் காப்பி ஊற்றினார்கள். ஏலக்காரர், நம் ஊர் வழக்கப்படி எல்லாரும் கர்னல் என்று கூப்பிடுகிற அந்த மனிதர், வண்டிமேல் ஏறி நின்று, "வாங்கய்யா வாங்க, பட்டணத்துச் சீமான் வீட்டுச் சாமான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாலாடை பிரிக்கும் இயந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போனது. கட்டில் அதைவிடக் கேவலம். அத்தை வீட்டுக்காரர் லுண்ட் மாமா அப்பாவின் தோளைத் தட்டி, "ஏம்ப்பா கிறிஸ்டன், டெட்ராய்ட்ல வண்டியில ஏறி உக்காந்ததும் பழக்கதோஷத்துல ஹை ஹைன்னு ஓட்டாத, போலீஸ் புடிச்சுக்குவான்" என்றார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக்கூடாது. பிறகு குதிரைகளைக் கொண்டுவந்தார்கள், புளோம்மாவையும் ஸ்வார்ட்டனையும். லுண்ட் மாமா எடுத்துக்கொள்வார் என்று அப்பா எதிர்பார்த்திருந்தார், கேட்காமலே எதிர்பார்த்திருந்தார், இங்கே யார் வாய்திறந்து கேட்கிறார்கள். எங்களுக்கு இல்லாமல்போனது தெரிந்திருந்தால் நிச்சயம் எடுத்திருப்பார். டிராக்டர் வைத்திருப்பவர், வயதான இரண்டு குதிரைகள் எதற்கு என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கர்னல் இரண்டு முறை கேட்டார். மூன்றாவதாக ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. இல்லினாய் பக்கத்து வியாபாரி. நகரத்து நாய்களுக்குத் தகரடப்பாவில் இறைச்சி அடைத்து விற்கிறார்களாம், அதற்கு வாங்குகிறவர். அப்பாவே கயிற்றைப் பிடித்து அவருடைய லாரிவரை நடத்திக்கொண்டு போனார். புளோம்மா பலகைமேல் ஏற மறுத்தது. அப்பா அதன் காதில் ஏதோ சொன்னார். ஏறிவிட்டது.

எல்லாரும் போனபிறகு நான் வாசற்படிக்கு வந்து பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மிதிபட்ட பனி. வேறொன்றும் இல்லை.

நாடே செழித்துக் கிடக்கிறது, பத்திரிகையெல்லாம் அதைத்தான் சொல்கிறது, நமக்கு மட்டும் ஏன் அம்மா இப்படி என்று கேட்டிருக்கிறாய். இரண்டு ஆண்டு கல்லூரியில் பொருளாதாரம் படித்தவள் நான், காரணம் எனக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் உலகத்துக்கே சோறு போடுங்கள் என்றார்கள், கடன் வாங்கி நிலம் சேர்த்தோம். சண்டை நின்றது, தானிய விலை விழுந்தது, கடன் மட்டும் அதே உயரத்தில் நின்றது. வெளிநாட்டுச் சரக்குக்கு வரிபோட்டு ஆலைகளைக் காப்பாற்றினார்கள், நம்மிடம் விற்க முடியாதவர்கள் நம் தானியத்தை எதைக் கொடுத்து வாங்குவார்கள். பிறகு உன் தொழிற்சாலை செய்யும் கார்கள். ஒவ்வொரு கார் வெளியே வரும்போதும் ஏதோ ஒரு தெருவில் ஒரு குதிரை குறைகிறது, அந்தக் குதிரை தின்ற ஓட்ஸை விளைவித்தவர் உன் அப்பா. நீ தட்டச்சு செய்யும் விலைச்சீட்டுகளில் எங்கள் வயலும் கொஞ்சம் இருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. மின்சாரம், வானொலி, தவணை, எல்லாம் நிஜம்தான், உன் சம்பளமும் நிஜம், ஆனால் மின்கம்பி நம் மாவட்டச் சாலையோடு நின்றுவிட்டது, அந்தப் பணமும் அவ்வளவு தூரம்தான் வந்தது. தெற்கே பருத்தி எடுப்பவர்களுக்கும் சுரங்கத்துக்காரர்களுக்கும் இதே கதை என்கிறார்கள். எல்லா வீட்டு வாசலிலும் ஒரு கார் நின்றபிறகு அடுத்ததை யாரிடம் விற்பார்கள், எங்களிடமா? இவ்வளவும் தெரியும். தெரிந்தால் வெட்கம் குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. எல்லாருக்கும் பஞ்சம் என்றால் நிமிர்ந்து நிற்கலாம். ஊரே உயரும் காலத்தில் விழுந்தால், விழுந்தவன் கையாலாகாதவன் என்றுதான் தோன்றுகிறது, மற்றவர்களுக்கு இல்லாவிட்டாலும் தனக்கு. அந்த ஒரு நினைப்புக்காகத்தான் டெட்ராய்ட் என்று சொன்னேன். கூடவே புளோம்மாவையும் ஸ்வார்ட்டனையும் கொடுத்தேன்.

இப்போது வீட்டு விஷயம். லுண்ட் வீட்டுக்குப் பின்னால், ஓடையோரம், வேலையாட்கள் இருந்த சின்ன வீடு காலியாக இருக்கிறது. ஏலத்தன்று காப்பி ஊற்றும்போதே அத்தை சொன்னாள், "நீங்க மட்டும் இங்கயே இருக்கறதா இருந்தா தூரா, அத உங்களுக்கே விட்டிருப்பேன், கிறிஸ்டன் பால் கறந்தா எங்களுக்கும் ஒத்தாசை, ஆனா மகாராணிய டெட்ராய்ட் அழைக்குதே" என்று. வெண்ணெய் ஆலையில் புதிதாகச் சேர்ந்தவன் அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். நான் காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி என்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், குதிரைகள் அப்போது இன்னும் லாயத்தில்தான் நின்றன. நீ அனுப்பும் பணத்தில் வாடகைக்கு வேறு ஊரில் இடம் பார்க்கலாமா என்றும் நேற்று யோசித்தேன், அதுவும் இந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான். வேண்டாம். இன்று காலை அப்பாவிடம், பெர்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் காலணிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "எனக்கும் சேத்தே சொல்லிடு" என்றார். சாமான் இல்லாத வீட்டில் அவர் குரல் எதிரொலித்தது.

நீ அத்தையின் அண்ணன் மகனைப் பார்த்தால் ஒளிய வேண்டாம், அம்மா சொன்னது உண்மையில்லை என்று நேராகச் சொல்லிவிடு, நான் சொல்லச் சொன்னேன் என்றும் சொல். இனிமேல் தவணையில் எங்களுக்கு எதுவும் வாங்காதே. உங்கள் தொழிற்சாலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்களை நிறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதனால் கையில் கொஞ்சம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போ, போகாவிட்டாலும் சூடாக ஏதாவது சமைத்துச் சாப்பிடு, வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே. அந்த இரண்டு பெண்களிடமும் என் அன்பைச் சொல். உன் தலைமேல் கை வைத்துச் சொல்கிறேன், கர்த்தர் உன்னை எங்கேயும் கூசாமல் நடக்க வைக்கட்டும். கம்பளிக் காலுறையை மறக்காதே.

உன் அம்மா,
தூரா

பி.கு. இதை உறையிலிடாமல் வைத்துவிட்டு லுண்ட் வீட்டுக்குப் போனேன். அத்தை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சொன்னேன், நோட்டீஸிலிருந்து தொடங்கி. ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அடிப்பாவி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ரெண்டையும் எங்க வீட்டுக்காரர் ஓட்டிட்டு வந்திருப்பாரேடி" என்று கத்தினாள். பிறகு வெகுநேரம் மாவையே பிசைந்தாள். ஆலைக்காரனுக்கு இன்னும் வாக்குக் கொடுக்கவில்லையாம். கையெல்லாம் மாவு, கதவோரத்து ஆணியைத் தாடையால் காட்டி, "சாவி அங்க இருக்கு, எடுத்துக்க" என்றாள். எடுத்துக்கொண்டு ஓடையோர வீட்டுக்குப் போய், அடுப்பில் கிடந்த பழைய சாம்பலை அள்ளி வெளியே கொட்டினேன்.