கொசுறு

கள்ளக்குறிச்சி

எதிர்க்கடைக்காரருக்கு,

ஒரே வீட்டிலிருந்து எழுதுகிறேன். நகராட்சிக் காய்கறிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீங்கள் தடுக்கவில்லை. பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டீர்கள்.

இன்று களையெடுக்கப் போகும் பழனியம்மாள் அக்கா என்னிடம் தக்காளி வாங்கிவிட்டு, கொசுறாகக் கறிவேப்பிலை கேட்டார். எங்கள் கடையில் கொசுறு கிடையாது என்றேன்.

"அதுக்கு இன்னாடி, உன் வூட்டுக்காரரு குடுப்பாரு" என்று சிரித்தபடி சாலையைக் கடந்தார்.

நீங்கள் கை நிறையக் கொடுத்தீர்கள். பக்கத்தில் உங்கள் தக்காளி விற்காமல் வதங்கிக் கிடந்தது.

மலை விவசாயிகளிடம் நேரே வாங்குவதால் எங்கள் விலை குறைவு. அக்காவின் கூலிக்கு அதுதான் கட்டுப்படியாகும். இந்தக் கடை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் கடை மூடப்படுவதை எதிரில் நின்று பார்க்கவும் முடியாது.

நாளை எங்களிடம் வாங்கிவிட்டு யாராவது உங்களிடம் கொசுறு கேட்டால் இல்லையென்று சொல்லுங்கள். முடியாவிட்டால் என்னையாவது திட்டுங்கள்.

உங்கள் மனைவி