மதகில் சிக்கிய கபரகொய்யா

காலையில் சன்னலைத் திறந்ததும் வார்னிஷ் வாசம் குப்பென்று அடித்தது. எட்டிப் பார்த்தால், கால்வாயில் புதிதாக ஏதோ கட்டுகிறார்கள். பிளாஸ்டிக் போத்தலில் பெரிய தாமரைப் பூவாம், சூழலைக் காப்பாற்றவாம். உங்களை நினைக்காமல் எப்படி இருக்க?

என்னைக் கட்டிய நாளிலிருந்து கண்டிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த மனுசன் நீங்கள். அப்படியே சும்மா இருந்திருக்கலாம். கால்வாய்க் குப்பையிலேயே ஓர் உருவம் செய்து தண்ணீரில் மிதக்கவிடச் சொல்லி சூழல் விழா ஏற்பாட்டாளர்கள் வந்ததும் உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரும் மீன்தான் செய்வார்கள், நான் கபரகொய்யா செய்கிறேன் என்றீர்கள், கால்வாயில் திரிகிற அந்தப் பெரிய நீருடும்பை. "இந்தத் தண்ணியில அது ஒண்ணுதானே இன்னும் உசிரோட நீந்துது" என்று சிரிப்பு வேறு. முற்றம் முழுக்கப் போத்தலும் யோகட் கோப்பையும் அறுந்த செருப்பும். நாற்றம் தாங்காமல் நான் கத்தியது உங்கள் காதில் ஏறவே இல்லை. ஆனாலும் அது வாலை ஆட்டிக்கொண்டு மிதந்த அன்று, பாலத்தில் நின்ற கூட்டத்தைப் பார்த்து எனக்கும் பெருமைதான். ஹுன்னஸ்கிரியவிலிருந்து உங்கள் தங்கச்சிகூட பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதருக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. விழா நாளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். வானம் கறுக்கத் தொடங்கியதும் நீங்கள் ஏற்பாட்டாளர்களிடம் ஓடினீர்கள்.

"ஐயா, மழைக்கு முன்ன கழட்டிருவோம். அத்துக்கிட்டுப் போனா மதகை அடைச்சிரும்."

"பெரியவரு வந்து படம் எடுக்காம எப்பிடிங்க கழட்டுறது?"

பாலத்தில் நின்றவர்களிடமும் ஒரு கை கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினீர்கள். பக்கத்து வீட்டுச் செல்வியும் அங்கேதான் நின்றாள். அழகா இருக்கே, இருக்கட்டுமே என்று சிரித்தார்கள்.

மறுநாள் மழை கொட்டியது. கயிறு அறுந்து கபரகொய்யா மதகில் போய்ச் சிக்கியது. கறுப்புத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. தன் மகளின் நனைந்த பள்ளிக்கூடக் கொப்பிகளை ஏந்திக்கொண்டு செல்வி கத்தினாள்: "குப்பையில பொம்மை செஞ்சி எங்க வீட்டையே குப்பையாக்கிட்டாரு!" பாவி, நீங்கள் வீடு வீடாகப் போய்ச் சேறு வழித்தீர்கள். ஒருவரும் ஒரு வாய்த் தேத்தண்ணி தரவில்லை. அன்றிலிருந்து நமக்குக் கபரகொய்யா வீடு என்றுதான் பெயர். நான் கொதித்தால், "விடு, தண்ணி ஏறினது உண்மைதானே" என்பீர்கள். சாகும்வரை அந்தப் பாலத்தில் ஏறவில்லை, சுற்றிக்கொண்டுதான் டவுனுக்குப் போனீர்கள்.

இன்று தாமரைக்காரர்களிடம் நாலு வார்த்தை கேட்க நான் போவதற்குள் செல்வி போய் நின்றுவிட்டாள்.

"மழைக்கு முன்ன இத யாரு கழட்டுவா? மொதல்ல அதச் சொல்லுங்க! அன்னைக்கு எங்க அண்ணன் கெஞ்சினாரு. நானும் பாலத்துல நின்னு சிரிச்சேன். அந்த மனுசன் மேல ஒரு தப்பும் இல்ல!"

தெருவே கேட்டது. இந்தப் பேச்சு வர வேண்டும் என்றுதானே இத்தனை வருடமும் அவள் முகத்தில் விழிக்காமல் இருந்தேன். முதலில் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக வந்து, "ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.