பதினான்கு டீச்சர்மார் கானுக்குள் இறங்கிய கதை

ஹல்துமுல்லை
09.11.2003, ஞாயிறு

அன்பு மகள் சுதர்சினிக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அடைமழையிலும் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குவைத் வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடட்டுமா, ஊருக்கு வந்தால் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தவிர எனக்கு அங்கே என்ன இருக்கு என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே இருந்தேன். ஆனால் நேற்று ஒன்று நடந்தது பார், சிரித்துச் சிரித்து இன்னும் விலா வலிக்கிறது, அப்பா என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்க்கிறார், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பதுளையில் டீச்சர்மாருக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி நடக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இடத்தைக் குப்பையாக்காமல், வந்தபோது இருந்ததைவிட நல்லதாக்கிவிட்டுப் போகவேண்டும், அதில் நமக்கும் பங்கு இருக்கவேண்டும், அதைப் பள்ளிக்கூடத்திலும் லயத்து வீடுகளிலும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பயிற்சி. நடத்துகிறவர் யோகமலர் டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர். மாதர் சங்கத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். மூன்று சனிக்கிழமை போய், வாய் திறக்காமல் வடையைத் தின்றுவிட்டு வந்தேன். நாலாவது சனிக்கிழமை டீச்சர்மார் எல்லாரையும் உங்கள் தோட்டத்துக்கே கூட்டிவருகிறேன், வழிகாட்டப் போவது பரிமளம் அம்மாதான் என்றுவிட்டார் யோகமலர் டீச்சர். அஞ்சாம் வகுப்புப் படிச்சவ நான், டீச்சருங்களுக்கு என்னத்தச் சொல்றது என்று கேட்டேன். நீங்கள் நடக்கிற பாதை உங்களைவிட ஆருக்கம்மா தெரியும், முன்னுக்கு நடவுங்கோ, நீங்கள் செய்யிறதைப் பாத்து நாங்களும் செய்யிறம் என்றார்.

அப்படியே செய்தார்கள், அதுதான் வினை! நேற்று வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகாமல், தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசினேன், பின்னால் வந்த பதினான்கு பேரும் பூசினார்கள். வல்லாரையைக் கிள்ளித் தின்றேன், தின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துத் துரையின் ஜீப் வருகிறது. நம் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே, அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக ஒதுங்கும். மழைக்குத் தலையில் போட்டிருந்த படங்கை எடுத்துவிட்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றேன். திரும்பிப் பார்த்தால், ஐயோ சுதா, பதினான்கு டீச்சர்மாரும் குடையை மடக்கிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் வரிசையாக நிற்கிறார்கள்! துரை ஜீப்பை நிறுத்தி, என்ன தொலைந்துபோனது என்று சிங்களத்தில் கேட்கிறார். யோகமலர் டீச்சர் என் காதோடு, அம்மா இதுக்குள்ள என்ன மூலிகை இருக்கு என்கிறார். மூலிகை இல்லீங்க டீச்சர், ஜீப்புக்கு வழிவிட்டேங்க என்றேன். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து எல்லாரும் சிரித்தோம், துரையும் சிரித்துவிட்டுப் போனார்.

மேலே ஏறும்போது யோகமலர் டீச்சர் மெதுவாக, இனிச் சுத்திப் பாக்க வாற ஆக்களுக்கும் நீங்கள் இப்பிடித்தான் ஒதுங்கப் போறியளோ என்று கேட்டார். அது சுருக்கென்று தைத்தது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போனதும் எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. மேலே காட்டை வெட்டித் தண்ணீர் நின்றுபோனதையும், நாங்கள் பொம்பளைகள் கன்று நட்டு ஊற்றைத் திரும்பக் கொண்டுவந்ததையும் சொல்லி, ஆளுக்கொரு கன்று நட வைத்தேன். லயத்துக்குள்ள எட்டிப் பாத்துப் போட்டோ புடிக்காதீங்க, கேட்டுட்டுப் புடிங்க, நாங்க பார்வைக்கு வச்ச சாமான் இல்ல என்றும் சொன்னேன். எல்லாரும் அதைக் கொப்பியில் எழுதினார்கள்! திரும்பி வரும்போது அதே ஜீப். கால் தானாகக் கான் பக்கம் திரும்பியது, ஆனாலும் ஒதுங்கவில்லை. பதினான்கு பேரும் கடந்து போகும்வரை ஜீப் நின்றது. அப்பாவிடம் இதை ஆறு தடவை சொல்லிவிட்டேன், ஏழாவது தடவை எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

தை மாதம் அடுத்த பயிற்சி, வருகிறவர்களுக்கு வழிகாட்ட இங்கிலீஷ் பேசத் தெரிந்த பிள்ளைகள் வேண்டுமாம். யோகமலர் டீச்சரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், பெயரை எழுதிக்கொண்டார். நிச்சயமான வேலை என்று அவர் சொல்லவில்லை, நானும் உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ஆனால் கூடை மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து நீ அங்கேயே இருக்கவேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. மாரியம்மன் உன் கூடவே இருப்பாள். இன்னொன்று. உனக்கு எது நல்லது என்று தெரியாமல்தான் பதில் போடவில்லை என்று உனக்குத் தோன்றியிருக்கும். அது இல்லை. வா என்று எழுதி, நாளைக்கு அம்மாவால்தான் கெட்டேன் என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் எழுதவில்லை. சொன்னால் சொல்லிக்கொள். உன்னைப் பார்த்து நாலு வருஷமாகிறது. கையெழுத்துப் போடாதே மகளே, வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா மு. பரிமளம்